சந்தையிற் பிறந்த பாட்டு

சந்தை என்றவுடன் பண்டமும் விலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டுத் தோட்ட மக்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களின் சந்தைகள் வேறொரு செய்தியையும் உரைக்கும். பொருள் வாங்க வந்த மக்கள் தம் வாழ்வைப் பாட்டாகக் கேட்ட இடமும் அவையே.

இதன் காரணத்தை அறியப் பழைய தோட்ட வாழ்வைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடி நோயினால் அழிந்தபின் அப்பயிர் மலையெங்கும் பரவிற்று. தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தனர். அரிசியின் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது; முன்பணம் கடனாய் வளர்ந்தது. கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்ல இயலாதபடி பிணித்த 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. துரையின் இசைவின்றி வெளியார் தோட்டத்துள் நுழைதலும் அரிது. ஆதலின், சம்பளம் பெற்றபின் சந்தைக்குச் செல்லும் நாள் அம்மக்களுக்குச் சிறு விடுதலை நாளாயிற்று. பல தோட்டத்து உறவினரும் அங்கேதான் ஒருவரையொருவர் கண்டனர்.

வணிகத்திற்குத் திறந்த வழியிலே பொதுவாழ்வும் புகுந்தது. தஞ்சையினின்று வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி போலத் தோட்டங்களுட் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டவர். 1931ஆம் ஆண்டில் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடி மக்களைத் திரட்டினார். மக்கள் நன்கறிந்த மெட்டுக்களில் பாட்டமைத்து 1940ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். எழுத்தறியாதாரும் மெட்டறிவர், ஒருமுறை கேட்ட பாட்டை லயத்திற்குக் கொண்டு செல்வர். நீண்ட சொற்பொழிவு செய்ய இயலாத பணியைப் பாட்டு செய்தது.

இவ்வழியிற் பின்னர்ப் பலர் வந்தனர். தாமே பாட்டெழுதி, மெல்லிய தாளில் அச்சிட்டு, சந்தையிலும் கடைவீதியிலும் நின்று பாடி, சில சதங்களுக்கு விற்றனர். சம்பளக் குறை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், கள்ளுண்ணலின் கேடு ஆகியவை அவர்தம் பொருள்களாயின. தோட்டத்திலோ தப்பின் ஒலியும் மாசிமாதக் காமன் கூத்தும் வழிவழியாக வாழ்ந்தன. புண்டலோயா மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), 1947ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர், கவிஞருமாவார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தமை அவர் செய்த பெருந்தொண்டு. அவர் தொகுத்திராவிடின் அவற்றுட் பல, பாடியவரோடே மறைந்திருக்கும்.

இன்றும் நுவரெலியாக் கடைத்தெருவிற் குளிருடைகள் குவித்து விற்கப்படுகின்றன. ஒருவர் உடுத்துக் கழித்த கம்பளிச் சட்டை மற்றொருவரின் குளிரைப் போக்குகிறது. பழந்துணிக்குக் கிட்டிய இம்மறுவாழ்வு பழம்பாட்டுப் புத்தகங்களுக்கும் கிட்டியதா? விலை குறைந்த தாளென்று பொட்டலம் மடிக்கவும் அடுப்பெரிக்கவும் போனவை எத்தனையோ! அரசாங்க ஏடுகளில் நம் முன்னோர் தலைக்கணக்காகவே நிற்கின்றனர். அவர்கள் சிரித்ததும் சினந்ததும் அப்பாட்டுக்களிலேதான் உள்ளன.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அத்தகைய புத்தகம் ஒன்றிருப்பின் அதை அருகிலுள்ள பாடசாலை நூலகத்திற் சேர்ப்பியுங்கள். புத்தகம் இல்லையாயின், பாட்டியை ஒருமுறை பாடச் சொல்லி, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள்.