பிரிட்டிஷ் வார காமிக்ஸ்: தேய்வும் தொடர்ச்சியும்

பிரிட்டனில் 1890 முதல் ஏறத்தாழ நூறாண்டு காலம் வாரந்தோறும் வெளிவந்த சிறுவர் சித்திரக்கதை இதழ்கள் பொதுவாக பிரிட்டிஷ் வார காமிக்ஸ் எனப்படுகின்றன. அமெரிக்க காமிக்ஸில் ஒரு நாயகனுக்கு ஒரு மாத இதழ் என்பது வழக்கம். பிரிட்டிஷ் இதழ்களோ கதம்பமாக வந்தவை. மலிவான தாளில் முப்பது, நாற்பது பக்கங்கள். அதற்குள் பல தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கங்கள், கடைசிக் கட்டத்தில் "தொடரும்". காலையில் செய்தித்தாள் போடும் பையனே பல வீடுகளில் காமிக்ஸையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவான். 1950-களில் இத்தொழில் உச்சத்தில் இருந்தது. இன்று அந்த மரபில் வார இதழாக எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இந்த வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சியையும் கணினி விளையாட்டையும் காரணம் காட்டுவது எளிது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதழ்களின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால், தங்கள் இதழ்களையும் அவற்றைப் படைத்தவர்களையும் பதிப்பகங்கள் நடத்திய விதமே அதைவிடப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

தொடக்கம்

1884-இல் வெளிவந்த 'ஆலி ஸ்லோப்பர்ஸ் ஹாஃப் ஹாலிடே' ஒரு நிலையான நாயகனை வைத்து நடந்த முன்னோடி இதழ். தொழிலாக இதை மாற்றியவர் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த். பின்னாளில் 'டெய்லி மெயில்' நாளேட்டைத் தொடங்கிய இவர், 1890 மே மாதம் 'காமிக் கட்ஸ்' இதழை அரை பென்னி விலைக்குக் கொண்டுவந்தார். அப்போது அத்தகைய இதழ்களின் வழக்கமான விலை ஒரு பென்னி. பாதி விலைக்கு வந்ததால் உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்குள் அது நுழைந்தது. அதே ஆண்டு வந்த 'இல்லஸ்ட்ரேட்டட் சிப்ஸ்' இதழும் இதுவும் 1953 வரை நடந்தன. இவருடைய நிறுவனமே பின்னர் அமால்கமேட்டட் பிரஸ் ஆகி, லண்டன் காமிக்ஸ் தொழிலின் முதுகெலும்பாக விளங்கியது.

டண்டீயும் தாம்சனும்

லண்டனுக்குப் போட்டி ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து வந்தது. சணல், ஜாம், பத்திரிகை ஆகிய மூன்றுக்கும் பேர் போன ஊர் அது. அங்கிருந்த டி.சி. தாம்சன் நிறுவனம் 1920-களில் 'அட்வெஞ்சர்', 'ரோவர்', 'விஸார்ட்' என்று சிறுவர்களுக்கான உரைநடைக் கதை இதழ்களால் காலூன்றியது. 1937 டிசம்பர் 4-ஆம் தேதி 'தி டாண்டி' வெளிவந்தது. 1938 ஜூலை 30-இல் 'தி பீனோ'. அதுவரை படத்துக்குக் கீழே நீளமாகக் கதையை அச்சிடுவதே பிரிட்டனில் பரவலான முறை. இவ்விரு இதழ்களும் பேச்சுக் குமிழ்களுக்கு முதலிடம் தந்தன. போர்க்காலத் தாள் பஞ்சத்தால் 1941 முதல் 1949 வரை இரண்டும் வாரம் விட்டு வாரம் மாறி மாறி வந்தன. கட்டுப்பாடு நீங்கியதும் விற்பனை எகிறியது. 1950 ஏப்ரலில் பீனோவின் ஓர் இதழ் மட்டும் 19 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் விற்றது.

தாம்சனின் நகைச்சுவை இதழ்களுக்கு முகம் தந்தவர் டட்லி வாட்கின்ஸ். மாட்டுப் பணியாரத்தை வெளுத்துக்கட்டும் முரட்டு கௌபாய் 'டெஸ்பரேட் டேன்' இவர் வரைந்தது. தம் படங்களில் கையெழுத்திட இவருக்கு அனுமதி இருந்தது. அது ஒரு விதிவிலக்கு. மற்ற ஓவியர்களின் பெயர் வாசகர்களுக்குத் தெரியவே கூடாது என்பது நிறுவனத்தின் நடைமுறை. 1969-இல் வாட்கின்ஸ் வரைபலகையின் முன்னாலேயே உயிர் துறந்தார்.

அடுத்த தலைமுறையின் மேதை லியோ பேக்ஸென்டேல். 1953-இல் 'மின்னி தி மின்க்ஸ்', 1954-இல் பின்னாளில் 'பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' ஆன வகுப்பறைக் கலாட்டா என அடுத்தடுத்து உருவாக்கினார். அவருடைய பெரிய கட்டம் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சண்டை நடக்கும். ஓர் ஓரத்தில் ஒருவன் சுவரேறிக் கொண்டிருப்பான். இன்னொரு மூலையில் நாய் எதையோ கவ்விக்கொண்டு ஓடும். பின்னால் சன்னலுக்கு வெளியேயும் ஒரு தனிக் கதை போய்க்கொண்டிருக்கும். ஒரே படத்தில் பையன்கள் அரைமணி நேரம் மூழ்கிக் கிடந்ததில் வியப்பில்லை. இத்தனையும் செய்தவருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே. பாத்திரங்கள், மறுபதிப்பு, பொம்மை விற்பனை எதிலும் அவருக்குப் பங்கில்லை. 1960-களின் தொடக்கத்தில் தாம்சனை விட்டு வெளியேறிய அவர், 1980-இல் தம் படைப்புரிமைக்காக அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஏழாண்டு இழுபறிக்குப் பிறகு, 1987-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது.

ஈகிள்

1950 ஏப்ரல் 14-இல் பிறந்த 'ஈகிள்' இதழின் ஆசிரியர் ஒரு பாதிரியார். அமெரிக்கத் திகில் காமிக்ஸ் குழந்தைகள் கையில் கிடப்பதைக் கண்டு கொதித்த மார்கஸ் மாரிஸ், கண்டிப்பதோடு நிற்காமல் மேலான ஒன்றைத் தாமே தரத் துணிந்தார். ஓவியர் ஃபிராங்க் ஹாம்ப்சனும் அவரும் சேர்ந்து உருவாக்கிய விண்வெளி வீரன் 'டேன் டேர்' முதல் பக்கத்தில் பளிச்சென்ற வண்ணத்தில் வந்தான். முதல் இதழ் 9 லட்சம் அளவில் விற்றது.

சவுத்போர்ட் அருகே ஒரு பழைய ரொட்டிக் கூடத்தில் ஹாம்ப்சன் தம் ஓவியக்கூடத்தை நடத்தினார். உதவியாளர்கள் உடையணிந்து நிற்பார்கள். அவர்களைப் புகைப்படம் எடுத்து, விண்கலங்களுக்குச் சிறு மாதிரிகள் செய்து, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைச் சரிபார்த்த பிறகே ஒவ்வொரு கட்டமும் தாளில் ஏறும். வாரத்துக்கு இரண்டு பக்கங்களுக்காக இத்தனை பாடு. 1959 வாக்கில் இதழ் கைமாறியதும் இந்தச் செலவு புதிய உரிமையாளர்களின் கண்ணை உறுத்தியது. ஹாம்ப்சன் டேன் டேரை விட்டு விலகினார். பாத்திரத்தின் உரிமை அவரிடம் இல்லை. பின்னாளில் ஒரு கல்லூரியில் வரைகலைத் தொழில்நுட்பப் பணியாளராக அவர் பிழைப்பு நடத்தினார். 1975-இல் இத்தாலியின் லூக்கா காமிக்ஸ் விழா அவரைப் பெரும் கலைஞராகக் கௌரவித்தபோதுதான், இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அவருடைய நாட்டிலேயே பலருக்குத் தெரிந்தது.

இணைப்பு என்ற பழக்கம்

1959-இல் அமால்கமேட்டட் பிரஸ் 'மிரர்' குழுமத்தின் கைக்குப் போய் ஃபிளீட்வே ஆனது. 1963-இல் லண்டனின் பெரிய காமிக்ஸ் பதிப்பகங்கள் எல்லாம் ஐ.பி.சி. என்ற ஒரே குடைக்குள் வந்தன. 'லயன்', 'டைகர்', 'வேலியன்ட்', 'பஸ்டர்' போன்ற சாகச, நகைச்சுவை இதழ்கள் இங்கிருந்து வந்தன.

இக்காலத்தில் வேரூன்றிய பழக்கம்தான் இணைப்பு. ஒரு புது இதழ் தொடங்குவார்கள். முதல் சில வாரங்கள் இலவசப் பொருளால் விற்பனை ஏறும். பிறகு இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும், ஏதோ நற்செய்தி போல முதல் பக்கத்தில் அறிவித்துவிட்டு, அதை இன்னொரு இதழோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு மூன்று தொடர்கள் மட்டும் புது வீட்டுக்குக் குடிபோகும். மற்றவை அவசரமாக முடிக்கப்படும்.

ஈகிள் 1969-இல் லயனோடு சேர்ந்தது. லயன் 1974-இல் வேலியன்ட்டோடு சேர்ந்தது. வேலியன்ட் 1976-இல் 'பேட்டில்' இதழோடு சேர்ந்தது. பேட்டில் 1988-இல், 1982-இல் மறுபிறவி எடுத்திருந்த ஈகிளோடே போய்ச் சேர்ந்தது. அந்த ஈகிளும் 1994-இல் நின்றது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பகுதி வாசகர்கள் கழன்றுகொண்டார்கள். தனக்குப் பிடித்த கதை காணாமல் போன சிறுவன் ஏன் வேறொரு இதழுக்குக் காசு கொடுக்க வேண்டும்? இரண்டு லட்சமும் இரண்டு லட்சமும் சேர்ந்தால் நான்கு லட்சம் என்று போட்ட கணக்கு ஒருபோதும் பலித்ததில்லை.

பெண்களுக்கான இதழ்கள் இன்னும் மோசமாக நடத்தப்பட்டன. தாம்சனின் 'பன்ட்டி' 1958 முதல் 2001 வரை நடந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கத்தரித்து விளையாடும் காகிதப் பொம்மையும் உடைகளும் இருக்கும். ஐ.பி.சி.யின் 'டாமி', 'ஜின்ட்டி', 'மிஸ்ட்டி' ஆகியவை அநாதைச் சிறுமிகள், கொடுமைக்கார விடுதிகள், அமானுஷ்யம் என்று உண்மையிலேயே துணிச்சலான கதைகளைத் தந்தன. மிஸ்ட்டியையும் ஜின்ட்டியையும் விழுங்கிய டாமி, 1984-இல் ஒரு தொழில் தகராறின் நடுவே அப்படியே நிறுத்தப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த தொடர்களுக்கு முடிவே அச்சாகவில்லை.

எழுபதுகளின் சீற்றம்

1976 பிப்ரவரியில் பேட் மில்ஸ் உருவாக்கிய 'ஆக்‌ஷன்' வெளிவந்தது. மனிதர்களைக் கிழித்துப்போடும் சுறாவும், பெரியவர்கள் இல்லாத உலகில் கும்பலாகத் திரியும் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் கூச்சல் போட்டன. அக்டோபரில் இதழ் திரும்பப் பெறப்பட்டது. அச்சான பிரதிகள் கூழாக்கப்பட்டன. டிசம்பரில் சப்பென்ற வடிவில் திரும்பி வந்து, அடுத்த ஆண்டே பேட்டிலுக்குள் மறைந்தது. வேகத்தையும் வன்முறையையும் எதிர்காலத்தில் வைத்துச் சொன்னால் தப்பிக்கலாம் என்ற பாடத்தோடு 1977 பிப்ரவரியில் வந்தது '2000 ஏடி'. அதன் இரண்டாவது இதழில் ஜான் வாக்னரும் கார்லோஸ் எஸ்குவெர்ராவும் படைத்த 'ஜட்ஜ் டிரெட்' அறிமுகமானான். எழுதியவர், வரைந்தவர், எழுத்துப் பொறித்தவர் பெயர்களைப் பக்கத்திலேயே அச்சிடும் வழக்கத்தை இவ்விதழ் கொண்டுவந்தது. பார்க்கச் சிறிய மாற்றம்; விளைவில் பெரியது.

அதே காலத்தில் பேட்டில் இதழில் வந்த 'சார்லீஸ் வார்' இம்மரபின் சிகரம் எனத் தயங்காமல் சொல்லலாம். மில்ஸ் எழுத, ஜோ கஹூன் வரைந்த இத்தொடரில், வயதைப் பொய்யாகச் சொல்லிப் படையில் சேரும் 16 வயது சார்லி 1916-இல் முதல் உலகப் போரின் சொம் போர்முனைக்குப் போகிறான். வீட்டுக்கு அவன் எழுதும் பிழைகள் மலிந்த கடிதம் ஒரு பக்கம், அகழியின் சேறும் எலியும் பிணங்களும் மறுபக்கம். எளிய சிப்பாயின் கண்ணால் போரைப் பார்த்த இந்தக் கதை, வீரப்பிரதாபமே விற்பனையான ஓர் இதழில் வாராவாரம் வந்தது என்பது இன்றும் மலைக்க வைக்கிறது.

தேய்வு

1980-களில் ஒவ்வொரு ஆண்டும் சில தலைப்புகள் உதிர்ந்தன. 1987-இல் ஐ.பி.சி. தன் சிறுவர் இதழ்ப் பிரிவைப் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லுக்கு விற்றது. 1991-இல் அது டென்மார்க்கின் எக்மான்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1987-க்குப் பிறகு வந்த உரிமையாளர்கள் புதுக் கதைகளைக் குறைத்து மறுபதிப்புகளால் பக்கங்களை நிரப்பினர். ஒரு டஜனுக்கு மேற்பட்ட இதழ்களை விழுங்கி உயிர் வாழ்ந்த பஸ்டர், 2000 ஜனவரியில் நின்றபோது பெரும்பாலும் பழைய சரக்கையே அச்சிட்டுக்கொண்டிருந்தது. தெருமுனைப் பத்திரிகைக் கடைகள் அருகி, விற்பனை பேரங்காடிகளுக்கு நகர்ந்தது. அங்கே பிளாஸ்டிக் பொம்மை ஒட்டிய தொலைக்காட்சித் தொடர் இதழ்களே நின்றன. டாண்டி 8,000 பிரதிகளுக்கும் கீழே இறங்கி, தன் 75-ஆவது பிறந்தநாளான 2012 டிசம்பர் 4-இல் அச்சிதழை முடித்துக்கொண்டது.

கடல் கடந்த வாழ்வு

பெயரும் உரிமையும் கிடைக்காத படைப்பாளிகள் அவை கிடைக்கும் இடத்துக்குப் போனார்கள். 2000 ஏடியில் கைபழகிய ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் அமெரிக்காவின் டி.சி. நிறுவனத்துக்காக 1986-87-இல் 'வாட்ச்மென்' படைத்தனர். பிரையன் போலண்ட், கிராண்ட் மாரிசன், நீல் கெய்மன், கார்த் எனிஸ் எனப் பலர் தொடர்ந்தனர். 1993-இல் அந்நிறுவனம் தொடங்கிய 'வெர்ட்டிகோ' பிரிவு பெரிதும் இவர்களை நம்பியே எழுந்தது.

மற்றொரு வாழ்வு சிவகாசியில் நிகழ்ந்தது. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மூலத்தில் அவன் 1962-இல் வேலியன்ட்டில் தோன்றிய 'ஸ்டீல் கிளா'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் லூயிஸ் கிராண்டலை, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ கறுப்பு வெள்ளையில் ஒளியும் நிழலுமாக வரைந்தார். மாயாவியோடு லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரைச் சேர்த்துத் தமிழ் வாசகர்கள் மும்மூர்த்திகள் என்றே அழைத்தார்கள். 1984-இல் தமிழில் வந்த லயன் காமிக்ஸ் மூலம் ஸ்பைடர், ஆர்ச்சி ஆகிய பிரிட்டிஷ் நாயகர்களும் வந்து சேர்ந்தார்கள். பிறந்த நாட்டில் பழைய தாள் கட்டுகளோடு மறக்கப்பட்ட இந்த நாயகர்கள் தமிழில் பலமுறை மறுபதிப்பு கண்டார்கள்.

மீட்பு

2000-இல் 2000 ஏடியை வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம், 2016-லும் 2018-லும் ஃபிளீட்வே, ஐ.பி.சி. சேமிப்பின் பெரும்பகுதியைத் தன்வசமாக்கியது. ஸ்டீல் கிளா, மிஸ்ட்டி, ஜின்ட்டி கதைகள் இப்போது நல்ல தாளில் நூலாக வருகின்றன. பீனோ இன்னும் வார இதழாக நடக்கிறது. அதன் 4,000-ஆவது இதழ் 2019-இல் வந்தது. 2012 முதல் 'தி ஃபீனிக்ஸ்' என்ற புதிய வார இதழும் நடக்கிறது. டண்டீ நகரின் நடுத்தெருவில் டெஸ்பரேட் டேனுக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகம் காமிக்ஸைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது.

மறுபதிப்புக்கு உழைப்பவர்கள் எதிர்கொள்ளும் பெரிய சிக்கல் பெயர்கள்தான். பழைய இதழ்களில் பெயர் அச்சாகவில்லை. ஓவியர்களின் மூலப் பக்கங்கள் பெருமளவு அழிந்துபோயின. கோட்டின் போக்கையும், முகம் வரையும் பாணியையும் ஒப்பிட்டே ஓவியர்களை அடையாளம் காண்கிறார்கள். எழுத்தாளர்களுக்கு அந்த வழியும் இல்லை. பெண்களுக்கான இதழ்களில் வந்த பல நல்ல தொடர்களை எழுதியவர் யார் என்பது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.