ஆறு மணியும் ஒரு குருவியும்

புரட்டாசிக் கடைசியில், மழை விட்ட ஒரு காலை. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டுக் கொல்லையில், வாழையடிச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது அந்தக் குருவி. வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை. தறியை விட்டு எழுந்து வந்த அம்மா நின்று பார்த்தார். "முதுகு கிளிப்பச்சை, தோள்ல மயில்கழுத்து, நெஞ்சு சந்தனம், அடிவயிறு குங்குமச் சிவப்பு. பேருதான் தெரியலைங்க."

பெயர் ஆறுமணிக்குருவி. இத்தனை நிறம் இருந்தும் பெயரில் ஒன்றுகூட இல்லை! இந்தியில் இதையே நவரங், ஒன்பது நிறம், என்கிறார்கள். தமிழ் காதை நம்பியது. புதரடியில் தரையிலேயே திரியும் பறவை கண்ணில் படுவது அரிது. விடியலிலும் அந்தியிலும், ஆறு மணி வாக்கில், அதன் இரட்டைச் சீழ்க்கைதான் வெளியே வரும். தோட்டக்கள்ளன் என்ற இன்னொரு பெயரும் இந்த ஒளிவைத்தான் சொல்கிறது.

'ஆறு மணி' தன் வயதையும் காட்டிக்கொடுக்கிறது. நாளுக்கு அறுபது நாழிகை என்று கணக்கிட்ட காலத்தில் மணி என்றால் அடிக்கிற மணிதான். கடிகாரம் வந்து, மணியடித்து நேரம் சொன்ன பிறகே அது பொழுதின் அளவானது. பறவை பழையது, பெயர் இளையது என்றே நான் கொள்கிறேன்.

உலகத்துக்கு இது பிட்டா. தெலுங்கில் 'பிட்ட' என்றால் சிறு பறவை, எந்தக் குருவியும். சென்னைக் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய பறவைப் படங்கள் 1713இல் இயற்கையியலாளர் ஜான் ரேயின் நூலோடு லண்டனில் அச்சேறின. அதில் இது அந்தத் தெலுங்குச் சொல்லோடே இருந்தது. 1766இல் உயிரினங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் இதைக் காக்கையோடு சேர்த்து, குட்டைவாலைப் பெயராக்கினார். 1816இல் பறவையியலாளர் வியேயோ பிட்டா என்று தனிப் பேரினம் வகுத்தார். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை வெப்பக் காடுகளில் வாழும் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களுக்கு இன்று அதுவே குடும்பப் பெயர். நம் அண்டை வீட்டுச் சொல் அவ்வளவு தூரம் போயிருப்பதில் எனக்குப் பெருமை.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இக்குருவி, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. பயணம் இரவில், களைத்தால் வீட்டுக் கொல்லையிலும் இறங்கிவிடும். இறங்கிய ஊரின் பெயரும் பொருத்தம்தான்: திருமழிசை ஆழ்வாரோடும் அவர் சீடர் கணிகண்ணனோடும் பெருமாள் ஒரே ஓர் இரவு தங்கியதால் 'ஓர் இரவு இருக்கை' ஓரிக்கை ஆயிற்று என்பது காஞ்சி மரபு.

மறுநாள் விடியலில் மறுபடி போனேன். சருகு கிளறியது கிளறியபடி கிடந்தது. ஆறு மணிக்குத் தறிச்சத்தம்தான் கேட்டது.