குழாய்க்குள் பாடிய காலம்

தங்கச்சிக்கு வீட்டிலேயே பாட்டுப் பதிவு பண்ண மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்க வேண்டும். கையில் ஆறாயிரம் ரூபாய். "குரல் ரொம்ப சன்னம், மேடைக்கு எடுபடாது" என்று பாட்டு டீச்சர் சொன்னதிலிருந்து அவள் வெளியே பாடுவதில்லை. காமர்ஸ் படிக்கிறவனிடம் இந்த வேலையைக் கொடுத்தால்? விலையில் ஆரம்பித்து 1902-இல் போய் நின்றேன்!

அந்த வருஷம் நவம்பரில், கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் கௌஹர் ஜான் பாட, கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தார். அறைதான் ஸ்டுடியோ. நம்ம ஹோம் ரெக்கார்டிங்குக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன். மைக் கிடையாது. புனல் மாதிரி ஒரு குழாய்தான். அதற்குள் தலையை விடாத குறையாக உரக்கப் பாட வேண்டும். குரல் ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்க, அதோடு சேர்ந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு இழுக்கும். மூன்று நிமிடம் சொச்சத்தில் பாட்டு முடிய வேண்டும். கடைசியில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

சன்னமான குரலுக்கு அந்தக் குழாயில் இடமே இல்லை. 1925-இல் மேற்கே மின்சாரப் பதிவு வந்தது. மைக் முன்னால் முணுமுணுத்தாலும் பதிவாயிற்று. எங்க மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயது வாக்கில், அம்மா சண்முகவடிவின் வீணையோடு முதல் தட்டுக்குப் பாடியது இந்த மாற்றம் நடந்த காலத்தில்தான். அப்புறம் 1989-இல் ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டுடியோ கட்டியதும், 1992-இல் 'ரோஜா' வந்ததும் உங்களுக்கே தெரியும்.

சரி, எதை வாங்கினேன்? கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும், நுணுக்கமாகக் கேட்கும். அதுதான் சிக்கல். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு பஸ் ஹாரன், ஃபேன், பக்கத்து வீட்டு குக்கர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். அதனால் டைனமிக் மைக். அது தரும் சிக்னல் சின்னது, ஆகவே இன்டர்ஃபேஸில் ப்ரீஆம்ப் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மற்ற பட்டன்களெல்லாம் அலங்காரம் (என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்).

ஒரே நிபந்தனை, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் மைக் இருக்க வேண்டும். "கௌஹர் ஜான் மாதிரி கிட்டே போ, ஆனா கத்தாதே" என்றேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பாடினாள். மூணாவது தடவை பாடியதில் தூரத்து ஹாரன் ஒன்று லேசாகக் கேட்கிறது. அழிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.