ரைசோபியம்

பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தரும் மண் பாக்டீரியா. 1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் இவ்வகை பாக்டீரியாவை வேர்முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார்.

வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு எனும் வேதிப்பொருள்களை உணர்ந்து நெருங்கி, வேர்த்தூவி வழியே உள்ளே நுழைகிறது. நைட்ரஜனை மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதைக் காப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் ஒரு செடியின் வேரில் இருப்பது உயிரியலின் பெரும் வியப்பு. இந்தப் புரதத்தால்தான் நன்கு செயல்படும் முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

ஒரே இனம் எல்லாப் பயிருக்கும் பொருந்தாது. பட்டாணிக்குரியது சோயாவில் முடிச்சு உண்டாக்காது. தமிழகத்தில் பயிருக்கேற்ற ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைநேர்த்தி செய்கிறார்கள். நேர்த்தி செய்த விதையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும்.