சிறுகையும் கரண்டியும்

புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி ஒரு காட்சியைத் தீட்டுகிறான். நெய் கலந்த சோற்றைத் தொட்டும் சிந்தியும் உடலெங்கும் பூசியும் உண்ணப் பழகும் மகவு அது. அத்தகைய மக்களைப் பெறாதவரின் வாழ்நாள் பயனற்றது என்பது அவன் முடிபு. 64ஆம் குறளும் மகவு கையிட்டுக் குழப்பிய கூழையே போற்றுகிறது. இரண்டிலும் உணவு குழந்தையின் கையில் இருக்கிறது; ஊட்டுவோர் கை பேசப்படவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு மருத்துவம் அச்சிறுகையை நம்பவில்லை. எதை, எப்பொழுது, எவ்வளவு ஊட்டுவது என்பதை அட்டவணைகள் விதித்தன. குழந்தை மறுத்தால் அது பிடிவாதம் எனப்பட்டது.

1928ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு வேறு வழிகள் திறந்தன. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிரீமான்ட்டில் கெர்பர் நிறுவனம், மசித்து வடிகட்டிய உணவைத் தகர டப்பாக்களில் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் தம் ஆய்வின் முதற்கட்டத்தை வெளியிட்டார். பால்குடி மாறும் பருவத்து மகவுகளின் முன் பல கிண்ணங்களில் உணவை வைத்து, விரும்பியதை அவர்களே தேரவிட்டார். செவிலி கரண்டியுடன் அசையாது அமர்ந்திருப்பார். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டுமே அதிலிருந்து எடுப்பார்; வாய் திறந்தால் மட்டுமே ஊட்டுவார். விரலால் உண்ணவும் தடையில்லை.

1939இல் மான்ட்ரியலில் டேவிஸ் ஆற்றிய உரை பதினைந்து குழந்தைகளைப் பற்றியது. வைக்கப்பட்ட உணவுகள் 34. ஒரு குழந்தையின் தெரிவுபோல் மற்றொன்றின் தெரிவு இல்லை. ஆரஞ்சுச் சாறும் ஈரலும் ஒரு வேளை. முட்டையும் வாழைப்பழமும் பாலும் இன்னொரு வேளை! தனிக் கிண்ணத்து உப்பை வாயிலிட்டுப் புரையேறி அழுதவர்களும் மீண்டும் அதையே நாடினர். என்புருக்கி நோயுற்ற குழந்தை ஒன்று, அருகில் வைத்த மீனெண்ணெயைத் தானே பருகி, நோய் நீங்கியபின் விட்டுவிட்டது. எல்லாரும் நலமாக வளர்ந்தனர்.

ஆயினும் குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று டேவிஸ் கூறவில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று அவரே ஒப்பினார். சர்க்கரையோ, ஆலையில் பதப்படுத்தியதோ அதில் இல்லை. அத்தகைய உணவையும் சேர்த்து ஆராய விரும்பினார். பொருளாதாரப் பெருமந்தம் அதைத் தடுத்தது. எதை வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு. வைத்ததில் எதை, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. அவர் ஆய்வு நமக்கு உணர்த்துவது இப்பிரிவினையே.

உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. 1953இல் சேக்கெட் என்னும் அமெரிக்க மருத்துவர் பிறந்த சில நாள்களிலேயே கூழூட்டலாம் என்று எழுதினார். ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது 2001இல்தான்.

ஒன்றை மறத்தல் ஆகாது. டேவிஸின் குழந்தைகள் தம் தாயரால் பேண இயலாது ஆய்வகத்திற்கு வந்தவர்கள். அவர்கள் சிந்திய ஒவ்வொரு துளியும் நிறுத்துக் குறிக்கப்பட்டது. அதை அமிழ்தென்று உண்ணத் தாய்தந்தையர் உடனில்லை. நம் வீடுகளில் அவர்கள் இருக்கிறார்கள். மகவு கிண்ணத்தில் கையிடும்போது நாம் முதலில் தேடுவதோ துடைக்கும் துணியை.