வாழ்க்கைத் துணை விசாவுக்கான ஆதார ஆவணங்கள் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

வாழ்க்கைத் துணை விசாவுக்கான ஆதார ஆவணங்கள் என்பவை, மலேசியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர் இந்நாட்டில் தங்கி வாழ்வதற்காகக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்கும் பத்திரங்களின் தொகுப்பு. கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலம் வட்டாரத் தமிழர் பேச்சில் இது 'ஸ்பவுஸ் விசா பைல்'. உண்மையில் துறை வழங்குவது விசா அல்ல, நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்னும் பாஸ். எல்லையைத் தாண்டி உள்ளே வருவதற்கு விசா. வந்தபின் தங்குவதற்குப் பாஸ். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் விசா இல்லாமலே 30 நாள் வந்து தங்கலாம் என்றான பிறகு முதல் வாசல் அகலத் திறந்துவிட்டது. இரண்டாவது வாசலில் கேட்கப்படும் தாள்கள் குறையவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மணமகளோ மணமகனோ எடுக்கும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதனால் இந்தக் கோப்பு பெரும்பாலும் இரண்டு அரசுகள் எழுதிய காகிதங்களின் கலவையாக இருக்கிறது. கணவன் மனைவியின் அன்பை நிரூபிப்பது இதில் சிறிய வேலை. ஒரே மனிதரின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல் இருக்கச் செய்வதே பெரிய வேலை.

முன்வரலாறு

மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழரிடம் முதலில் கேட்கப்பட்ட பத்திரம் திருமணம் பற்றியதல்ல. கங்காணி உரிமச் சீட்டோடு தன் ஊருக்குத் திரும்பி ஆள் திரட்டுவார்; புறப்படுகிறவர்களைப் பற்றிக் கிராம முன்சீப் கையொப்பமிடுவார்; ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் சில நாள் இருந்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்குவார்கள். இன்னார் இன்னாரின் மனைவி என்பதற்குக் கங்காணியின் வாய்ச்சொல்லும் உடன் வந்த ஊராரின் தலையசைப்பும் போதும். அக்காலத்து இந்துத் திருமணத்துக்குச் சான்றிதழ் என்று ஒன்று இல்லாதபோது வேறு எதைக் கேட்பது?

கேட்க வேண்டிய தேவையும் அப்போது இல்லை. பிரித்தானியக் குடிகளான இந்தியர்களை மலாயா வரவேற்றது. 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் சீனர்களைக் கட்டுப்படுத்தியதே தவிர இவர்களைத் தொடவில்லை. 1938இல் இந்திய அரசே உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. சொந்தப் பணத்தில் பயணச் சீட்டு எடுத்தவர்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தனர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த பெண்களில் பலர் கணவனிடம் வந்தவர்கள்.

திருமணச் சடங்கை அரசு நம்ப மறுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் அதற்கு முன்பே வேறொரு கண்டத்தில் பார்த்திருந்தனர். 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், ஹசன் ஈசப் என்பவரின் மனைவி பாய் மரியம் நாட்டுக்குள் வர உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் சடங்குப்படி நடந்த திருமணத்தை ஏற்க முடியாது என்பது காரணம். ஒரே நாளில் மணமான இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இத்தீர்ப்பு முக்கியக் காரணம். சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருவர். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை ஏற்றுக்கொண்டது.

மலாயாவில் திருப்பம் 1953இல் வந்தது. முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்தது. இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. சட்டப்படி வசிப்பவரின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கதவு மூடப்படவில்லை. ஆனால் மனைவி என்பதைக் காட்ட வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர் கடிதம், திருமண அழைப்பிதழ், ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படம் ஆகியவை ஆதாரம் என்ற தகுதிக்கு உயர்ந்த காலம் அது.

யாழ்ப்பாணத் தமிழர் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணி செய்ய வந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்சில் குடியிருந்தவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். ஊரிலும் தாலி கட்டுக்கு அப்பால் பதிவாளர் முன் கையொப்பமிடுவது 'எழுத்து' என்ற தனிச் சடங்காகவே நிலைத்திருந்தது. தோட்டத்துத் தமிழரிடம் இவ்வழக்கம் இல்லை. அதன் விலையை அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றுவரை குடிநுழைவு முகப்புகளில் கொடுத்துவருகிறார்கள்.

பெயர்ச் சிக்கலின் வேரும் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அவசரகாலத்தில், 1948இல், மலாயாவில் அடையாள அட்டை அறிமுகமானது. தோட்டத்து ஆபீசில் கிராணி எனப்பட்ட எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்திலும், பிறகு அட்டையிலும் ஏறியது. ஒரே லட்சுமி அண்ணன் வீட்டில் ஒரு விதமாகவும் தங்கை வீட்டில் இன்னொரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் நின்றாள்.

இன்றைய கோப்பின் முதுகெலும்பான பதிவுச் சான்றிதழ் 1982 மார்ச் 1 அன்று பிறந்தது எனலாம். முஸ்லிம் அல்லாதாரின் திருமணச் சட்டங்களை ஆராய 1970இல் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் விளைவு 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம், அதாவது 164ஆம் சட்டம். ஆறு ஆண்டு காத்திருந்து அது நடப்புக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் சமயப்படியோ வழக்கப்படியோ நடந்த திருமணங்கள் பதிவானவையாகவே கருதப்படும். அதற்குப் பிறகு ஒருவனுக்கு ஒருத்தி, மணவயது 18, 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோர் சம்மதம், பதிவாளர் முன்னிலையில் திருமணம். அமைச்சர் நியமிக்கும் சமயக் குருமார் துணைப் பதிவாளராக இருந்து கோயிலிலேயே பதிவு செய்யவும் சட்டம் இடம் தந்தது. ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து எடுத்த தடைசெய்யப்பட்ட உறவுகளின் பட்டியலில் ஒரு விலக்கும் சேர்ந்தது: இந்து ஒருவர் தன் சகோதரி மகளையோ, பெண் தன் தாய்மாமனையோ மணக்கலாம். சட்டப் புத்தகத்தில் தமிழ்க் குடும்பம் தன் முகத்தைக் காணும் அரிய இடம் அது.

பதிவு செய்யாததனால் மட்டும் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. 1982க்குப் பிறகு சட்டம் சொன்ன முறையிலன்றித் திருமணம் நடத்தக் கூடாது என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர்கள் இரண்டையும் வைத்து வாதாடலாம். குடிநுழைவு முகப்பில் 34ஆம் பிரிவுக்கு வேலை இல்லை. 'ரிஜிஸ்டர்' இல்லாத தாலி அங்கே நகை மட்டுமே.

கோப்பில் சேர்வன

பொதுவாக அடுக்கப்படுபவை இவை: குடிமகனின் மை கார்டு என்னும் அடையாள அட்டை, இருவரின் கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், தேசியப் பதிவு இலாகாவின் திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பிறப்புப் பத்திரம், புகைப்படங்கள், வருமானச் சான்று, முத்திரை ஒட்டிய உறுதிப் பத்திரம், நிரப்பிய படிவங்கள். எல்லாவற்றுக்கும் நகலும் மூலமும் வேண்டும். மலேசியத் துணைவர் நேரில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் வராமல் மற்றவர் மட்டும் கோப்போடு போய் நின்றால் வேலை நடக்காது.

திருமணம் எங்கே நடந்தது என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. மலேசியாவிலேயே பதிவு செய்வதானால் வெளிநாட்டவர் மணமாகாதவர் என்பதற்கு அவருடைய தூதரகத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்குத் தூதரகம் ஊரிலிருந்து தாள் கேட்கும். தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்கும் திருமணமாகாதவர் சான்றிதழ் இங்குதான் உதவுகிறது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் எழுத்துப்படி, அறிவிப்புக் கொடுக்கும் முன் அந்தப் பதிவு வட்டாரத்தில் ஏழு நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் பலகையில் இருக்க வேண்டும். கூட்டினால் 28. முப்பது நாள் தங்க வந்த மணமகளுக்கு மிச்சம் இரண்டு நாள்.

ஊரில் போய்த் தாலி கட்டி வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. ஐயரில்லாமல் மாலை மாற்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தையும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7அ பிரிவு ஏற்றுக்கொள்வதால் அதற்கும் சான்றிதழ் கிடைக்கும். கையில் வந்த சான்றிதழ் கடல் தாண்டச் செல்லுபடியாக வேண்டுமே! இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது; மலேசியா அதில் சேரவில்லை. எனவே ஒரே முத்திரையில் முடியும் வேலை இங்கே மூன்றாகிறது: மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சு, சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகம். பிறகு, 164ஆம் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் நாடு திரும்பிவிட்டால், வந்து சேர்ந்த ஆறு மாதத்துக்குள் இங்குள்ள பதிவாளரிடம். விருந்து, குலதெய்வக் கோயில், மறுவீடு என்று இந்தக் கெடு எளிதாகக் கரைந்துபோகும்.

முஸ்லிம் தமிழர்களுக்கு 164ஆம் சட்டம் பொருந்தாது. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டமும், சிலாங்கூரில் மாநிலச் சட்டமும் உண்டு.

தாள்கள் சேர்ந்த பிறகு அவை ஒன்றையொன்று பொய்யாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசிய அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் மகன், மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம் வரும். இந்தியக் கடப்பிதழில் இயற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயரே இல்லாத தமிழர் அங்கே தந்தை பெயரை எழுதுவார், அல்லது காலியாக விடுவார். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து, ஆதாரில் விரித்த பெயர், திருமணச் சான்றிதழில் ஊர்ப்பெயரும் சேர்ந்த வடிவம். மூன்றும் ஒரே பெண்தான் என்று அவளைப் பெற்றவர்கள் சத்தியம் செய்வார்கள். அதிகாரிக்கு அந்தச் சத்தியம் எழுத்தில் வேண்டும்.

இங்குதான் சூராட் அக்குவான் வருகிறது. 1960ஆம் ஆண்டின் சட்டப்பூர்வ உறுதிமொழிச் சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிடும் இந்த ஒற்றைத் தாள், கிள்ளான் பள்ளத்தாக்குக் கோப்புகளில் ஒட்டுப்போடும் துணியாகப் பயன்படுகிறது. பெயர் வேறுபாட்டுக்கு ஒன்று, முகவரி மாற்றத்துக்கு ஒன்று, தாமதப் பதிவுக்கு ஒன்று. தமிழில் உள்ள பத்திரங்களுக்குச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பும் தேவை. மொழிபெயர்ப்பாளர் பெயரை மூலத்தைப் பார்த்து எழுதாமல் கடப்பிதழைப் பார்த்து எழுதினால் ஒரு உறுதிமொழி மிச்சமாகும்.

பணத்தைக் காட்டும் தாள்கள் சம்பளக்காரருக்கு எளிது: சம்பளச் சீட்டு, இ.பி.எப். என்னும் ஊழியர் சேமநிதி அறிக்கை, வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு. கிள்ளானில் சொந்த லாரி ஓட்டிக் கையில் காசு வாங்குகிறவருக்கு இவற்றில் பாதி இல்லை. வணிகப் பதிவுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்துச் சமாளிக்கிறார். பிரிட்டன் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாத நாடு: 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுன் வருமானம் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதே பிரிட்டன் 1979இல் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண் சொன்னதை நம்பாமல் அவருடைய உடலைச் சோதித்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஒரு பிரிவினருக்கு எந்தத் தாளும் உதவாது. உணவகம், முடிதிருத்தகம், கட்டுமானம் ஆகியவற்றுக்குத் தற்காலிக வேலைப் பாஸில் வந்தவர்கள் அந்தப் பாஸ் இருக்கும்வரை இங்கே திருமணம் செய்ய முடியாது. அது அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர் உள்ளூர்ப் பெண்ணை விரும்பினால், முதலில் பாஸை முடித்து ஊர் திரும்ப வேண்டும்.

இன்றைய நிலை

கோலாலம்பூர் வாசிகள் தலைநகரக் குடிநுழைவு அலுவலகத்திலும், கிள்ளான் வாசிகள் ஷா ஆலத்திலும் விண்ணப்பிக்கின்றனர். பாஸ் முதலில் குறுகிய காலத்துக்கும் பின்னர் ஐந்து ஆண்டு வரையிலும் கிடைக்கிறது. வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தபின் நிரந்தரவாசத்துக்கு, அதாவது சிவப்பு அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு குடிமகனின் மனைவி குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி தருகிறது. குடிமகளின் கணவனுக்கு அந்த வழி இல்லை. வெளிநாட்டில் மலேசியத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளுக்காக 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தமும் கணவர்களைப் பற்றிப் பேசவில்லை.