பதவி போனபோது வராத துக்கம்

என் மனைவி காலமான பிறகு எட்டு மாதம் நான் எதையும் படிக்கவில்லை. தினசரி வரும், மடிப்புக் கலையாமலே பழைய பேப்பர்காரருக்குப் போகும். பள்ளி நாளிலிருந்து கையில் ஒரு புத்தகம் இல்லாமல் இருந்ததில்லை நான். எழுபத்து மூன்றாம் வயதில் இது புது அனுபவம். பிடிவாதமாக உட்கார்ந்தால் ஒரே பக்கத்தில் அரைமணி நேரம் போகும். என்ன படித்தோம் என்று கேட்டால் தெரியாது. மகன் போனில், "டாக்டரைப் பாருங்கப்பா" என்றான். பார்த்தேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. ஆனால் காலை நான்கு மணிக்கு விழிப்பும் வந்தது.

இதைச் சொல்லி உங்களை வருத்தப்படுத்த நான் உட்காரவில்லை. நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ஒரு பெரியவர் 1954-ஆம் வருஷத்தை எப்படிக் கழித்தார் என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அந்த விஷயம் எனக்கு எங்கள் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. அதனால் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு ஒரு கன்னட நண்பர். ஒரே ஆபீசில் எதிரெதிர் மேஜையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தோம். பூர்வீகம் கோலார்ப் பக்கம். மனைவியின் காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து கேட்டைத் தட்டுவார். "ஏளி ஸ்வாமி, ஏரி வரைக்கும் போய் வரலாம்." வரவில்லை என்றால் போக மாட்டார், திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். ஆகவே போவேன். ஷிப்ட் விடும் நேரம், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அந்தப் புழுதியில் இரண்டு கிழவர்கள் ராமநாயக்கன் ஏரிக்கு நடப்போம். ஆறுதல் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. தக்காளி விலை, பெங்களூர் மெட்ரோ ஓசூருக்கு வருமா வராதா, எங்களுக்கு வரவேண்டிய பென்ஷன் அரியர்ஸ், இவ்வளவுதான். நான் பாதி நாள் பதிலே சொல்ல மாட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருவார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா போன பிறகுதான் மாமா ஊரான கிருஷ்ணகிரிக்கு வந்து, டைப்ரைட்டிங் கற்று, குமாஸ்தா ஆனேன். அந்தப் பள்ளியில் எங்களுக்கு ஒரு எழுத்தாளரைத் திரும்பத் திரும்பப் பாடமாக வைத்தார்கள். இங்கே மாண்டெய்ன் என்று எழுதுகிறார்கள். எங்கள் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லித்தந்த உச்சரிப்பு மோந்தேஞ். 1533-இல் பிறந்தவர். பொர்தோ நகர நீதிமன்றத்தில் உத்தியோகம். அங்கேதான் லா போயெத்தி என்பவர் சிநேகிதமானார். அந்த உயிர்த் தோழர் 1563-இல் இறந்துபோனார். எட்டு வருஷம் கழித்து, 38 வயதில், மோந்தேஞ் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தன் ஊர்க் கோபுர அறையில் ஆயிரம் புத்தகங்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். விருப்ப ஓய்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதில் எனக்கு இது பெரிய சொர்க்கமாகத் தோன்றியது. ஆயிரம் புத்தகம், தனி அறை, மேலதிகாரி கிடையாது! பின்னால் நடந்ததை வாத்தியார் சொன்னார். அப்போது மண்டையில் ஏறவில்லை. ஓய்வு கிடைத்தால் மனம் அமைதியாகும் என்று மோந்தேஞ் நினைத்தார். அதுவோ கட்டவிழ்ந்த குதிரை மாதிரி ஓடத் தொடங்கி, விசித்திரமான கற்பனைகளை எல்லாம் கிளப்பிவிட்டது. அதைக் கணக்கெடுத்து எழுதி வைப்போம் என்று ஆரம்பித்ததுதான் அவருடைய கட்டுரைகள். முதல் இரண்டு பாகமும் 1580-இல் வந்தன. 1588-இல் வந்த மூன்றாம் பாகத்தில் சிநேகம், பெண்கள், புத்தகம் என்ற மூன்று சகவாசங்களை ஒப்பிடுகிறார். முதல் இரண்டும் பிறர் கையில், அதிர்ஷ்டத்தின் கையில். புத்தகம்தான் எப்போதும் நம் கையில் என்று அதற்கு மார்க் போடுகிறார். ஆனால் அதே பாகத்தில் இன்னொரு கட்டுரையில், புத்தகம் படிப்பது சூடேறாத வேலை, பேச்சுதான் மனத்துக்கு நல்ல உடற்பயிற்சி என்கிறார். கண்ணை இழந்தாலும் இழப்பேன், காதையும் பேச்சையும் இழக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிற அளவுக்குப் போகிறார். இந்த முரண்பாட்டை நாங்கள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அது முரண்பாடே இல்லை என்று தெரிந்தது. புத்தகம் திறக்காத காலத்தில் எனக்கு இருந்தது நண்பரின் தக்காளி விலைதான்.

நண்பருக்கு ஒரு வழக்கம் உண்டு. நடக்கும்போது 'மங்குதிம்மன கக்க'விலிருந்து ஏதாவது ஒரு செய்யுளை முணுமுணுப்பார். கன்னடக்காரர்களுக்கு அது நமக்குத் திருக்குறள் போல என்று சொன்னால் அதிகமில்லை. எழுதியவர் டி.வி. குண்டப்பா. முளபாகல்காரர், கிருஷ்ணகிரியிலிருந்து அதிக தூரமில்லை. அந்த நூல் 1943-இல் வந்தது. 945 நாலடிச் செய்யுள்கள். குண்டப்பாவும் இளம் வயதிலேயே மனைவியை இழந்து, மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்தவர் என்று நண்பர் ஒருநாள் தற்செயலாகச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு அது தற்செயல் இல்லை என்று புரிந்தது. அன்று வீடு திரும்பியதும் பரணில் ஏறினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

பரணில் என் மாமியார் பைண்டு செய்து வைத்திருந்த 'சக்கரவர்த்தித் திருமகன்' கிடைத்தது. கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்து, தைத்து, காலிகோ அட்டை போட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் தொடர்கதைகளை அப்படித்தான் சேர்த்து வைப்பார்கள். கல்யாணச் சீரோடு அதையும் என் மனைவி எடுத்து வந்தாள். ராமநவமி வந்தால் அதில் ஓர் அத்தியாயம் உரக்கப் படிப்பாள். நான் மறு அறையில் ஆபீஸ் கட்டோடு இருப்பேன்.

அன்று இரவு அதைப் பிரித்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாலு பக்கம் தொடர்ந்து படித்தேன். மறுநாள் எட்டு. அதன் பிறகு அதை எழுதிய மனிதர் அப்போது என்ன நிலையில் இருந்தார் என்று தேடத் தொடங்கினேன்.

ராஜாஜி 1878 டிசம்பர் 10-ஆம் தேதி தொரப்பள்ளியில் பிறந்தார். அன்றைக்கு இது சேலம் ஜில்லா. அப்பா ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ., சென்னையில் சட்டம். சேலத்தில் வக்கீலாகப் பெரிய வருமானம். நாற்பது வயது நிறையும் முன்பே மனைவி போய்விட்டார், ஐந்து பிள்ளைகள். மறுமணம் இல்லை. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனவர், அந்த மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதினார். மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளைத் தமிழில் தந்ததும் இவர்தான், சாக்ரடீஸைப் பற்றி எழுதியதும் இவர்தான். ஒருவர் போர் முகாமில் உட்கார்ந்து தனக்குத்தானே ஆறுதல் எழுதிக்கொண்ட சக்கரவர்த்தி. இன்னொருவர் விஷம் குடிக்கும் நாளிலும் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தவர். இந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது சும்மா நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1942-இல் காங்கிரஸை விட்டு விலகி, மற்ற தலைவர்கள் எல்லாம் சிறையில் இருக்க இவர் மட்டும் வெளியே தனியாக நின்றார். கூட்டங்களில் வசவும் எதிர்ப்பும். பாரதக் கதையைக் கல்கியில் எழுதியது அந்தத் தனிமைக்குப் பிறகுதான். 'வியாசர் விருந்து' என்று பெயர்.

இனி 1954. பிப்ரவரி 16 அன்று ரசிகமணி டி.கே.சி. காலமானார். டி.கே.சி. யார் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனாலும் 'வட்டத்தொட்டி'யைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய சபை அது. சங்கம் இல்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பாதி ராத்திரிவரை ரசிப்பார்களாம். கம்பனில் பல பாட்டுகள் இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளியதைப் புலவர்கள் மன்னிக்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் பேச்சை ஒரு விருந்தாக்கிய மனிதர் தமிழ்நாட்டில் அவரைப் போல இன்னொருவர் இருந்தாரா? அவரே ஒரே மகனை இளவயதில் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகும் குற்றால வீட்டில் பேச்சு நிற்கவில்லை. ராஜாஜியும் கல்கியும் அங்கே போய்த் தங்கியவர்கள்.

டி.கே.சி. போய் இரண்டு மாதம் ஆவதற்குள், ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அரைநேரப் பள்ளித் திட்டம்தான் காரணம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த விஷயத்தில் நான் எதிர்த்தவர்கள் பக்கம். என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர்கள். அரைநாள் அப்பன் தொழிலுக்குப் போயிருந்தால் அந்த மேஜைக்கு வந்திருப்பார்களா? திட்டம் போனது நல்லதுதான். ஆனால் 75 வயதில், கவர்னர் ஜெனரலாகவே இருந்துவிட்டு, சொந்தக் கட்சிக்காரர்களே ஒதுக்க, தியாகராய நகர் பஸ்லுல்லா சாலை வீட்டுக்குத் திரும்பிய மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு ரிட்டயர்மெண்டு அன்று ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அதற்கே மூன்று மாதம் பிரமை பிடித்தவன் போல இருந்தேன்.

அவர் சில வாரங்களுக்குள் ராமாயணம் எழுத உட்கார்ந்துவிட்டார். வால்மீகி ஒரு பக்கம், கம்பன் ஒரு பக்கம். குழந்தைக்குச் சொல்வது போலச் சின்னச் சின்ன வாக்கியம். நடுநடுவே நின்று வாசகரிடம் பேசுவார். இதைத்தான் நான் பைண்டில் படித்தபோது உணர்ந்தேன். அது எழுத்தாக இல்லை, எதிரே உட்கார்ந்து பேசுகிற குரலாக இருந்தது. டி.கே.சி. போய்விட்ட வருஷத்தில், அவர் முற்றத்தில் பேச வேண்டியதை எல்லாம் இந்த மனிதர் வாராவாரம் நம்மிடம் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இது என் ஊகம்.

அந்த வருஷம் அதோடு விடவில்லை. டிசம்பர் 5 அன்று கல்கி கிருஷ்ணமூர்த்தி இறந்தார். வயது 55. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் 'விமோசனம்' பத்திரிகை நடத்திய நாளிலிருந்து ராஜாஜிக்குப் பிள்ளை மாதிரி. கல்கி எழுதிவந்த 'அமர தாரா' பாதியில் நின்று, மகள் ஆனந்தி முடித்தார். ராஜாஜியின் ராமாயணம் நிற்காமல் தொடர்ந்தது. அந்த நூலுக்கு 1958-இல் சாகித்திய அகாதமி பரிசு வந்தது.

எங்கள் வீட்டுப் பைண்டில் ஒரு குறை. பட்டாபிஷேகம் வரைக்கும் இருந்தது. கடைசி ஏடுகள் இல்லை. எலி கடித்ததா, மாமியாருக்கு அந்த இதழ்கள் கிடைக்கவில்லையா, கேட்க ஆளில்லை. மனைவியும் வாழ்நாள் முழுக்க அந்த முடிவைப் படிக்காமலே இருந்திருக்கிறாள். நண்பரிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "புஸ்தகம் லைப்ரரியில் இருக்குமே, வாங்க ஸ்வாமி" என்று ஏரிக்குப் பதிலாக நூலகத்துக்கு அழைத்துப் போனார். கீழ்த்தட்டில் இருந்தது.

கதை முடிந்த பிறகு ராஜாஜி தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறார். ராமன் நாட்டை இழந்தபோது துக்கப்படவில்லை, சீதையை இழந்தபோதுதான் கலங்கினான்; தனக்கும் அப்படித்தான் என்கிறார். பெரிய பதவியிலிருந்து இறங்கியபோது அடுத்து என்ன செய்வது என்ற திகைப்பு வரவில்லையாம். இந்தக் கதையை எழுதி முடித்துப் பேனாவை வைத்தபோதுதான் சாமி இல்லாத கோயில் மாதிரி எல்லாம் வெறிச்சென்று ஆகிவிட்டதாம்.

நான் நூலக மேஜையில் உட்கார்ந்து அதைத் தணிந்த குரலில் நண்பருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என் குரல் நின்றுவிட்டது. அவர் பேசாமல் இருந்தார். அப்புறம், "இன்னொரு சாரி ஓதி ஸ்வாமி" என்றார். இன்னொரு முறை படியுங்கள் என்று அர்த்தம். படித்தேன்.

நகல் எடுப்பது நாற்பது வருஷத் தொழில் ஆயிற்றே. மறுநாள் வெள்ளைத்தாள் கொண்டு போய் அந்தப் பக்கங்களை மை பேனாவால் எழுதி எடுத்து, பைண்டின் கடைசியில் கோந்து போட்டு ஒட்டினேன். அட்டை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நண்பர் தினமும் ஐந்தரைக்கு வருகிறார். இப்போது கிளம்புவதற்கு முன் திண்ணையில் ஓர் அத்தியாயம் படிக்கிறோம். பாலகாண்டத்தில் மறுபடியும் ஆரம்பித்து, நேற்று சித்திரகூடம் வந்திருக்கிறோம்.